காலிபர் தானாக நடுவுக்கு வராது

பழைய ஜாக்குவார் கார்களோடு புழங்குகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேர்விட்டுப் போயிருக்கிறது. பின்பக்கக் காலிபர் டிஸ்க்குக்கு நடுவில் இருக்கிறதா என்று அளந்துகொண்டிருப்பது வெட்டி வேலை என்பார்கள். இரண்டு பக்கமும் பிஸ்டன் இருக்கிறது, பெடலை மிதித்தால் எது எவ்வளவு வெளியே வர வேண்டுமோ அவ்வளவு வந்து உட்கார்ந்துகொள்ளும், மிச்சக் கோணலை நாலு நாள் ஓட்டத்தில் பேட்டே தேய்ந்து சரிசெய்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. இதைச் சொல்பவர்கள் அரைகுறை ஆட்கள் இல்லை. முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவர்கள் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில், பழைய கார்களை மட்டும் எடுத்துச் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் முதலில் சொல்லித் தரப்பட்ட பாடம் இதுதான். சில வருடம் நானும் அப்படித்தான் வேலை செய்தேன். அது தவறு. அந்தத் தவறு எத்தனையோ நல்ல கார்களின் பிரேக்கைக் கெடுத்து, கெட்ட பெயரை அந்தக் காரை வடிவமைத்தவர்கள் தலையில் கட்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யூகிப்பது கடினமில்லை. இன்று ரோட்டில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது மிதக்கும் காலிபர். ஒரு பக்கம்தான் பிஸ்டன். அது உள்பேட்டை டிஸ்க்கில் அழுத்தும்போது, காலிபர் மொத்தமும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப்பேட்டையும் இழுத்துப் பிடிக்கும். அந்தக் காலிபர் உண்மையாகவே தன் நடுவைத் தானே தேடிக்கொள்ளும். அதில் கை பழகியவர்கள், அதே எண்ணத்தோடு ஒரு ஜாக்குவார் ஈ-டைப்புக்கு அடியில் போய்ப் படுக்கிறார்கள். அங்கே இருப்பது வேறு சாதி. காலிபர் போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. டிஸ்க்கும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. இரண்டில் எதுவும் அடுத்ததற்காக ஒரு இழைகூட நகராது.

அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாதம் முழுக்க அதில்தான் நிற்கிறது. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஈ-டைப் வந்தபோது அதன் பின்பக்கம் முழுக்கப் புதியது. பாப் நைட் என்ற பொறியாளரின் தலைமையில் உருவான தனித்தொங்கல் சஸ்பென்ஷன் அது. அதே அமைப்பு அந்த வருடமே மார்க் 10 காரிலும், 1968-இல் எக்ஸ்ஜே6-இலும், 1975-இல் எக்ஸ்ஜே-எஸ்ஸிலும் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் வரை ஜாக்குவார் அதை விடவில்லை. இதில் பின்பக்க டிஸ்க் சக்கரத்தில் இல்லை. காரின் நடுவில், டிஃபரன்ஷியலின் இரண்டு தோளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் குதிக்கும் எடையைக் குறைத்தால் கார் மெத்தென்று போகும் என்பதற்காகக் கனமான டிஸ்க்கையும் காலிபரையும் சக்கரத்திலிருந்து பிடுங்கி நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அமைப்போடு ஒரு ஈ-டைப்பைக் குண்டும் குழியுமான கிராமத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் பலன் தெரியும்.

டிஃபரன்ஷியலிலிருந்து வெளிவரும் ஷாஃப்டின் முனையில் ஒரு ஃபிளாஞ்ச். அதன் மேல் டிஸ்க். டிஸ்க்கின் மேல், சக்கரத்துக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்டின் யோக். நான்கு நட்டு இவற்றைச் சேர்த்துக் கவ்வுகிறது. ஃபிளாஞ்சுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சில ஷிம்கள், டிஸ்க்குக்கும் ஹாஃப் ஷாஃப்டுக்கும் இடையில் வேறு சில ஷிம்கள். உள்பக்க ஷிம்கள் டிஸ்க்கைக் காலிபரின் நடுவுக்குக் கொண்டுவருகின்றன. வெளிப்பக்க ஷிம்கள் சக்கரத்தின் சாய்வை, அதாவது கேம்பரைத் தீர்மானிக்கின்றன.

பிரேக் டிஸ்க் பக்கத்தில் போடும் ஷிம்முக்கும் சக்கரத்தின் சாய்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். இந்த சஸ்பென்ஷனில் மேல் கை என்று தனியாக ஒன்று கிடையாது. கீழே ஒரு விஷ்போன் இருக்கிறது. மேலே, எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அந்த ஹாஃப் ஷாஃப்டே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் உழைக்கிறது. கார் வளைவில் திரும்பும்போது டயர் தள்ளும் பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு ஹாஃப் ஷாஃப்ட் வழியாக வந்து, டிஸ்க்கைக் கடந்து, ஃபிளாஞ்சைத் தள்ளி, டிஃபரன்ஷியல் பேரிங்கில் போய் நிற்கிறது. பிரேக் டிஸ்க் இங்கே சஸ்பென்ஷனின் ஒரு உறுப்பு. இதை மனதில் வாங்காமல் யார் இந்தக் காலிபரைப் பற்றிப் பேசினாலும் பாதிக் காரைத்தான் பேசுகிறார்கள்.

இப்போது எதிர்த்தரப்பின் முதல் வாதத்துக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பிஸ்டனுக்கும் ஒரே ஆயில் போகிறது, ஒரே அழுத்தம் கிடைக்கிறது. காலிபர் சதுரமாக நின்று, டிஸ்க் மட்டும் அரை மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளியிருந்தால், இரண்டு பேட்டும் ஒரே பலத்தோடுதான் கவ்வும். வண்டி நிற்கும். பெடலில் வித்தியாசம் தெரியாது. இந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டுதான் "தானே சரியாகிவிடும்" என்ற கோட்டையைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பிரேக்குக்குப் பிடிக்கும் வேலையோடு விடும் வேலையும் இருக்கிறது. காலிபரின் கோணல் தன் வேலையைக் காட்டுவது பெடலிலிருந்து காலை எடுத்த பிறகு.

காலை எடுத்ததும் பிஸ்டன் பின்வாங்கும் தூரம் மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. ஆரம்பகால டன்லப் காலிபரில் பிஸ்டனுக்குள் ஒரு பின்னும் அதைக் கவ்விய புஷ்ஷும் சேர்ந்து அந்தச் சின்னத் தூரத்தை இழுத்துக் கொடுக்கும். பிறகு வந்த கெர்லிங் காலிபரில் சீலே முறுக்கி மீண்டு இழுக்கும். எதுவானாலும், பேட் முகம் டிஸ்க்குக்கு இணையாக இருந்தால்தான் அந்த இம்மி இடைவெளி முழுப் பரப்பிலும் கிடைக்கும். காலிபர் சாய்ந்திருந்தால் பேட்டின் ஒரு மூலை விலகவே விலகாது. அந்த மூலை டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே கார் ஓடும். பிஸ்டனும் துளைக்குள் நேராகப் போய்வராமல் ஒரு பக்கம் உரசி, சீலின் ஒரு பக்கத்தை மட்டும் தின்னும்.

இந்த இடத்தில் ஒரு காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1966-ஆம் வருடத்து 4.2 லிட்டர் ஈ-டைப் கூபே. வேறொரு பட்டறையில் புது டிஸ்க் போட்டு, காலிபரைப் புதுப்பித்து, கைநிறையச் செலவழித்து எடுத்துவந்தவர் அதன் உரிமையாளர். பதினைந்து மைல் ஓட்டினால் பின்பக்கத்திலிருந்து தீய்ந்த வாடை வருகிறது என்றார். பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு சுற்றுப் போய்வந்து, அடியில் புகுந்து அகச்சிவப்புக் கருவியால் டிஸ்க்கைப் பார்த்தேன். இடது டிஸ்க் 60 டிகிரி. வலது 140.

என்னோடு வேலை செய்த தம்பி கோயம்புத்தூர்க்காரன். லேத் பட்டறையில் கை பழகி வந்தவன். வலது பக்கப் பேட்டைக் கழற்றி, பேட் இருந்த ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தான். "அண்ணே, டிஸ்க் நடுவுலதான இருக்கு, ரெண்டு பக்கமும் ஒரே சந்துதான்" என்றான். நான் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஜன்னலின் நடுவில் அளந்தால் உள்ளே 1.3 மில்லி, வெளியே 1.3 மில்லி. நூல் பிடித்தது போல நடு. முந்தைய பட்டறைக்காரரும் இதே ஜன்னல் வழியாகத்தான் பார்த்துத் திருப்தியடைந்திருப்பார்.

கழற்றிய பேட்டுகள் வேறு கதை சொல்லின. உள்பேட் மேல்முனையில் தேய்ந்திருந்தது, வெளிப்பேட் கீழ்முனையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலைகீழாக வைத்த இரண்டு ஆப்பு போல இருந்தன. தம்பி அவற்றைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனான். இந்த முறை ஜன்னலின் நடுவை விட்டுவிட்டு, காலிபரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அளந்தான். மேலே உள்பக்கம் 0.8, வெளிப்பக்கம் 1.8. கீழே உள்பக்கம் 1.8, வெளிப்பக்கம் 0.8. எங்கே கூட்டினாலும் 2.6 வருகிறது. காலிபரின் பள்ளம் சரி, டிஸ்க்கின் தடிமன் சரி, காலிபர் நிற்கும் நிலைதான் கோணல் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

டிஃபரன்ஷியலோடு பின்பக்க யூனிட்டை இறக்கிக் காலிபரைக் கழற்றியபோது, மேல் போல்ட்டில், காலிபருக்கும் அது உட்காரும் காதுக்கும் நடுவே ஒரு மில்லி கனத்தில் ஒரு வாஷர் இருந்தது. கீழ் போல்ட்டில் இல்லை. நடந்தது புரிந்துவிட்டது. புது டிஸ்க் போட்டதும் அது பள்ளத்தில் அரை மில்லி வெளியே தள்ளி நின்றிருக்கிறது. டிஸ்க்கை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் எல்லாவற்றையும் இறக்கி ஷிம் மாற்ற வேண்டும். அதற்குப் பதிலாகக் காலிபரை வெளியே தள்ளப் பார்த்திருக்கிறார்கள், கை எட்டிய ஒரு போல்ட்டில் மட்டும். நடுவில் நடு வந்துவிட்டது. மேலும் கீழும் ஒரு முழு மில்லி கோணல். மிச்சத்தைப் பிஸ்டன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த வாஷர் அங்கே போயிருக்காது.

ஜாக்குவாரின் பட்டறைக் கையேடு இந்த விஷயத்தில் மயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. டிஸ்க்கின் இரண்டு பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் 0.010 இன்ச் வரை, அதாவது கால் மில்லி வரை இருக்கலாம் என்கிறது. ஆனால் ஒரே பக்கத்தில் மேலும் கீழும் உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்கிறது. தள்ளி நிற்பதற்குக் கொஞ்சம் சலுகை உண்டு, சாய்ந்து நிற்பதற்குக் கிடையாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததுதான் எதிர்த்தரப்பின் அடிப்படைப் பிழை. தள்ளி நிற்பதற்குச் சொல்லும் சமாதானத்தைத் தூக்கிச் சாய்வுக்கும் போர்த்திவிடுகிறார்கள்.

தள்ளி நிற்பதும் அப்படியொன்றும் பாவமற்றது இல்லை. சலுகைக்கு மேல் போனால் நெருக்கமான பக்கத்தில் புதுப் பேட் நுழையாது. நுழையாத பேட்டை எமரித் தாளில் தேய்த்து மெலிதாக்கிப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். புத்தம் புதிய பேட்டின் ஆயுளை மாட்டுவதற்கு முன்பே தேய்த்துக் கொட்டுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் பிஸ்டன் துளையை விட்டு அதிகம் வெளியே நின்று, மழைத்தண்ணீரும் பிரேக் தூசியும் பட்டு, ஒரு வளையமாகத் துருப்பிடிக்கும். அடுத்த முறை பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். துருப்பிடித்த வளையம் சீலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். ஆறு மாதத்தில் காலிபர் ஒழுகும். பழைய காலிபர் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று அதற்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும்.

சக்கரத்தில் இருக்கும் டிஸ்க் சூடானால் காற்று பட்டு ஆறும். காரின் நடுவில், டிஃபரன்ஷியலுக்கும் அதைத் தாங்கும் கூண்டுக்கும் இடையில் அடைபட்ட டிஸ்க்குக்கு அந்த வசதி குறைவு. உரசிக்கொண்டே ஓடும் பேட்டின் சூடு ஃபிளாஞ்ச் வழியாக ஷாஃப்டில் ஏறி, இரண்டு விரல்கடை தூரத்தில் இருக்கும் ஆயில் சீலைக் காய்ச்சும். ரப்பர் கெட்டித்துப்போகும். டிஃபரன்ஷியல் ஆயில் கசிந்து டிஸ்க்கில் தெறிக்கும். ஆயில் நனைந்த பேட்டால் எதைப் பிடிக்க முடியும்? அந்தக் கூபேயின் வலது சீலைச் சுற்றி ஈரம் ஏற்கெனவே படர்ந்திருந்தது. உள்ளே வைத்த பிரேக் என்றாலே சீல் போகும், அது டிசைன் கோளாறு என்று பேசுகிறவர்கள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். முதல் கண்ணி பல கார்களில் காலிபரின் கோணல்.

கைப்பிரேக்குக்கும் இதே கதைதான். பெரிய காலிபரின் முதுகில் தொற்றிக்கொண்டு, தனக்கென்று இரண்டு சின்னப் பேட்டுகளோடு இன்னொரு குட்டிக் காலிபர் இருக்கிறது. அதுதான் கைப்பிரேக். ஜாக்குவார் கைப்பிரேக் பிடிக்காது என்பது ஊரறிந்த பேச்சு. தாய்க் காலிபர் கோணலாக நிற்கும்போது முதுகில் இருக்கும் பிள்ளை எப்படி நேராக நிற்கும்?

"பேட் தேய்ந்து படிந்துவிடும்" என்ற அடுத்த வாதத்துக்கு அந்த ஆப்பு வடிவப் பேட்டுகளே பதில். அவை படிந்துதான் இருந்தன. டிஸ்க்கின் முகத்துக்கு அச்சாகப் படிந்திருந்தன. அப்படியும் 140 டிகிரி. தேய்வதால் கோணல் போகாது, பேட்டில் பதிவாகும், அவ்வளவுதான். பிறகு அந்தப் பேட் தள்ளப்படும்போதெல்லாம் பிஸ்டனைப் பக்கவாட்டில் நெம்பும்.

அமெரிக்காவில் நடந்ததையும் பார்க்கலாம். 1965-இல் ஷெவர்லே கார்வெட் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கோடு வந்தது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பிஸ்டன் கொண்ட, நகராத காலிபர். பிஸ்டனுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்து, பேட் எப்போதும் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி அமைத்திருந்தார்கள். பின்பக்க டிஸ்க்கை அதன் ஸ்பிண்டிலோடு ரிவெட் அடித்துச் சேர்த்த பிறகுதான் முகம் கடைந்தார்கள், ஆட்டம் இல்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக. பின்னாளில் ரிவெட்டை உடைத்துப் புது டிஸ்க் மாட்டியவர்களில் பலர் அதன் ஆட்டத்தை அளக்கவில்லை. நான்கு பிஸ்டன் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள். டிஸ்க் ஒரு சுற்றில் பிஸ்டனை உள்ளே தள்ளி வெளியே விட, சீலின் உதட்டைத் தாண்டிக் காற்று ஆயிலுக்குள் ஏறியது. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லாமல் பெடல் தரையைத் தொட்டது. இத்தனைக்கும் அந்தப் பிஸ்டன்கள் தானே சரிசெய்துகொள்ளும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தன. அதனால்தான் காற்று ஏறியது.

பின்பிரேக்குக்கு வேலை குறைவு, முன்பிரேக்தான் காரை நிறுத்துகிறது என்று சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலை குறைவு என்பது சரி. ஈரச் சாலையில் ஒரு பின்சக்கரம் பிடித்து மற்றது வழுக்கினால் கார் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும் என்பதை அப்படிச் சொல்பவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

இதைவிடக் கவலையான சங்கதி ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் வருடாந்திர எம்ஓடி சோதனையில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி, சக்கரம் சக்கரமாகப் பிரேக்கை அளப்பார்கள். 2018 மே மாதம் முதல், 40 வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. ஒரு பக்கம் இழுக்கும் பின்பிரேக்கை வருடத்துக்கு ஒருமுறையாவது காட்டிக்கொடுத்த கண் அது. இப்போது அந்தக் கண்ணும் இல்லாத நிலையில், காலிபரை அளக்க வேண்டாம் என்று போதிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் உழைப்பைப் பற்றியது. அதை நான் மதிக்கிறேன். இந்த ஷிம்மைத் தொட வேண்டுமானால் பின்பக்க யூனிட்டையே கீழே இறக்க வேண்டும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், கைப்பிரேக் கேபிள், ரேடியஸ் ஆர்ம், ஆன்ட்டி ரோல் பார் எல்லாவற்றையும் விடுவித்து, நான்கு ரப்பர் மவுண்ட்டுகளையும் கழற்றி, டிஃபரன்ஷியலோடு கூண்டை ஜாக்கில் தாங்கி வெளியே இழுக்க வேண்டும். அறுபது வருடத்துத் துரு ஒவ்வொரு போல்ட்டிலும் வம்பு செய்யும். அரை மில்லி ஷிம்முக்காக இரண்டு நாள் வேலையா என்று உரிமையாளர் கேட்டால் பட்டறைக்காரருக்குப் பதில் சொல்லக் கூசும். ஆனால் நடைமுறையில், ஷிம்முக்கென்று தனியாக யாரும் யூனிட்டை இறக்குவதில்லை. டிஸ்க் மாற்ற, சீல் மாற்ற, காலிபர் புதுப்பிக்க என்று எப்படியும் இறக்குகிறார்கள். இறக்கிவிட்டு, பழைய ஷிம்களை எண்ணிப் பார்த்து, இருந்தபடியே திரும்பப் போட்டு ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஷிம்கள் பழைய டிஸ்க்குக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வேறு கம்பெனி டிஸ்க்கின் நடுப்பகுதி அரை மில்லி கூடவோ குறையவோ இருந்தால் பழைய எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. எல்லாம் மேஜை மேல் திறந்து கிடக்கும் அந்த நேரத்தில் நான்கு மூலையில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்த நம்பிக்கை உதவுகிறது.

அளப்பதிலும் வரிசை தவறினால் பொய்க் கணக்கு வரும். முதலில் ஷாஃப்ட் பேரிங்கில் பிளே இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். வளைவின் விசை நேராக வந்து மோதும் பேரிங் அது. அதில் பிளே இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் டிஸ்க் பக்கவாட்டில் நகர்ந்து பிஸ்டனை உள்ளே தட்டிவிடும். அடுத்த மிதிக்குப் பெடல் பாதிக்குப் போய்த்தான் பிடிக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு ஏது நடு? பிறகு ஃபிளாஞ்சின் முகம். அதில் ஒட்டியிருக்கும் துருப்பொருக்கு டிஸ்க்கின் விளிம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்டமாகத் தெரியும். கையேடு அனுமதிப்பது 0.006 இன்ச், அதாவது 0.15 மில்லி மட்டுமே. டிஸ்க்கைச் சும்மா மாட்டிவிட்டு அளப்பதும் தவறு. ஹாஃப் ஷாஃப்டின் யோக் கவ்வாமல் டிஸ்க் ஃபிளாஞ்சில் ஒட்டி உட்காராது. யோக்கின் கனத்துக்குக் குழாய்த்துண்டு வெட்டிப் போட்டு நான்கு நட்டையும் இறுக்கிய பிறகுதான் கேஜைத் தொட வேண்டும். காலிபரின் காதில் சிலர் அழகுக்காகப் பூசிவிடும் பெயின்ட்டையும் சுரண்டி எடுக்க வேண்டும். முதலில் சதுரம், பிறகுதான் நடு.

நடுவுக்குக் கொண்டுவரும்போது, ஷிம்மை எடுத்துத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. உள்பக்கத்தில் 0.020 இன்ச் ஷிம் ஒன்றை, ஏறத்தாழ அரை மில்லி, எடுத்தால் டிஸ்க் அரை மில்லி உள்ளே வரும், கூடவே ஹாஃப் ஷாஃப்டும் அதே அளவு உள்ளே வந்து சக்கரத்தின் தலையை இழுக்கும். அந்த ஒரு ஷிம் கேம்பரைக் கால் டிகிரி மாற்றும். முக்கால் டிகிரி உள்சாய்வு இருக்க வேண்டிய சக்கரம் ஒரு டிகிரிக்குப் போகும். மூன்று ஷிம்மை யோசிக்காமல் எடுத்தவருடைய காரில் டயரின் உள்விளிம்பு ஒரே பருவத்தில் வழுக்கையாகும். எடுத்த ஷிம்மை டிஸ்க்கின் மறுபக்கத்தில் போட்டுவிட்டால் டிஸ்க் மட்டும் நகரும், ஹாஃப் ஷாஃப்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் ஒரே அடுக்கில் கட்டிவிட்டு, ஒன்றைத் தொடாமல் மற்றதைத் திருத்த வழியும் வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகும் இது யோசிக்காமல் செய்த டிசைன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இத்தனை தொல்லை எதற்கு, டிஸ்க்கைச் சக்கரத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்று மாற்றுக் கிட்டுகளைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. தங்கள் காரில் அவர்கள் விரும்பியதைச் செய்யட்டும். ஆனால் சக்கரத்தில் மாட்டிய காலிபரும் நகராத வகையாக இருந்தால் அதையும் நடுவில் சதுரமாகத்தான் நிறுத்தியாக வேண்டும். ஃபீலர் கேஜிலிருந்து அங்கேயும் தப்ப முடியாது. சக்கரத்தின் எடையைக் கூட்டிக்கொண்டு அதே வேலையை வேறு இடத்தில் செய்யலாம், அவ்வளவுதான்.

அந்தக் கூபேயில் நாங்கள் செய்தது சிறிய வேலை. வாஷரை எடுத்தோம். காலிபரைக் காதின் மேல் நேராக உட்காரவைத்தோம். மேலும் கீழும் உள்பக்கம் 1.8, வெளிப்பக்கம் 0.8 என்று ஒரே அளவு காட்டியது. சதுரம் வந்துவிட்டது, டிஸ்க் அரை மில்லி வெளியே நிற்கிறது, அவ்வளவே. உள்பக்கத்திலிருந்து அரை மில்லி ஷிம் ஒன்றை உருவி டிஸ்க்கின் மறுபக்கத்தில் போட்டோம். சீலை மாற்றினோம். ஆப்பாகத் தேய்ந்த பேட்டுகளைக் குப்பையில் போட்டுப் புதிது எடுத்துவைத்தோம். புதுப் பேட்டை நுழைக்கும் முன் தம்பி 1.00 இலையையும் 0.30 இலையையும் சேர்த்துப் பிடித்து நான்கு மூலையிலும் விட்டுப் பார்த்தான். நான்கிலும் ஒரே இறுக்கம். காலிபர் போல்ட்டுகளுக்கு லாக் ஒயர் முறுக்கி யூனிட்டை ஏற்றினோம். கேம்பரை அளந்தோம், மாறவில்லை. பேட் படியும்வரை ஓட்டிய பிறகு, மறுநாள் காலை அதே பதினைந்து மைல் சுற்றுக்கு உரிமையாளரே ஓட்டினார். திரும்பி வந்ததும் அடியில் புகுந்து பார்த்தேன். இடது டிஸ்க் 58 டிகிரி, வலது 61.